கொப்பியில் எழுதாத ஆறு நாட்கள்

டொக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "சாப்பாட்டில் ஏதாவது மாற்றம் உண்டா?" என்று கேட்டார்.

ஆங்கிலத்தில் கேட்டார். நானும் ஆங்கிலத்திலேயே, யோசிக்காமல் பதில் சொன்னேன். "ஒரு மாற்றமும் இல்லை, டொக்டர்."

பக்கத்துக் கதிரையில் என் தங்கை சறோஜினி இருந்தாள். மடியில் ஈரக் குடை. அதன் நுனியிலிருந்து தண்ணீர் அவளுடைய செருப்பில் சொட்டிக்கொண்டிருந்தது. ஆங்கிலத்தை அவள் எழுத்துக்கூட்டி வாசிப்பாள். யாராவது பேசினால் பிடிபடாது. சிங்களத்தில் பஸ்ஸை நிறுத்தி இறங்கும் அளவுக்குத் தெரியும்.

"என்ன கேட்டவர், அண்ணா?"

"ஒண்டுமில்லை. வழமையாக் கேக்கிறதுதான்."

அவள் தலையாட்டினாள். டொக்டர் குனிந்து எழுதத் தொடங்கினார். அந்த அமைதியில் அவளுடைய நெஞ்சுக்குள்ளிருந்து வரும் சத்தம் எனக்குக் கேட்டது. டிக், டிக், டிக்.

நான் எழுதிவரும் இந்த நினைவுத் தொடரை ஆரம்பத்திலிருந்து வாசித்துவரும் டொறொன்ரோ வாசகி ஒருவர் கடிதம் எழுதியிருந்தார். "எல்லாரையும் பற்றி எழுதுகிறீர்கள். முதல் அத்தியாயத்தில் ஒரு வரியில் வந்துபோன தங்கை எங்கே?" என்று கேட்டிருந்தார். பதில் சொல்ல எனக்கு இத்தனை வாரம் பிடித்திருக்கிறது.

திகதி சொல்லாமல் தும்மக்கூட மாட்டான் என்று என்னைக் கேலி செய்யும் நண்பர்களுக்கு இன்று ஏமாற்றம்தான். இந்த அத்தியாயத்துக்கு என்னிடம் திகதிகள் இல்லை. ஏன் இல்லை என்பதும் இந்தக் கதையில் சேர்ந்ததுதான்.

பந்தும் கூண்டும்

சறோவுக்குப் பத்து வயதாக இருக்கும்போது, யாழ்ப்பாணத்தில், தொண்டை நோவோடு காய்ச்சல் வந்தது. பிறகு முழங்கால்கள் வீங்கின. எண்ணெய் பூசினோம், வீக்கம் வற்றியது. சுகம் என்று நினைத்தோம். அது வாதக் காய்ச்சல் என்பதும், மூட்டை விட்டுவிட்டு இதயத்தின் வால்வைப் பிடித்துக்கொண்டது என்பதும் பல வருடங்களுக்குப் பிறகே தெரிந்தது. முப்பது வயதை நெருங்கியபோது கிணற்றடியிலிருந்து குசினி வரை நடக்க அவள் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கவேண்டியிருந்தது.

கொழும்புக்குக் கூட்டிவந்தேன். அப்போது நான் கொட்டாஞ்சேனையில் ஒரு கப்பல் கம்பனியில் கிளாக்கர். வெள்ளவத்தையில், கடலைப் பார்த்து இறங்கும் ஒழுங்கை ஒன்றில், றீற்றா அக்கா வீட்டின் பின்பக்கத்து இரண்டு அறைகளில் குடியிருந்தேன். றீற்றா அக்கா கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்த கத்தோலிக்கப் பெண்மணி, கணவனை இழந்தவர்.

சத்திரசிகிச்சைக்குக் காத்திருந்த மாதங்களில், பயத்தைப் போக்க நான் எப்போதும் செய்வதைச் செய்தேன். நூலகத்துக்குப் போய் வாசித்தேன்.

துடிக்கும் இதயத்தில் கைவைக்கவே கூடாது என்று வைத்தியர்கள் நெடுங்காலம் நம்பியிருந்தார்கள். இரண்டாம் உலகப் போரில்தான், காயப்பட்ட சிப்பாய்களின் இதயத்திலிருந்து குண்டுச் சிதறல்களை எடுத்து அவர்களை உயிரோடு வீட்டுக்கு அனுப்ப முடியும் என்று ஒரு இளம் சத்திரசிகிச்சை நிபுணர் காட்டினார். அந்தத் துணிச்சலில், போர் முடிந்த பிறகு, சுருங்கிய வால்வுக்குள் விரலை விட்டு விரித்துப் பார்த்தார்கள். விரித்தும் சரிவராத வால்வுகளுக்காகச் செயற்கை வால்வு வந்தது. ஒரு உலோகக் கூண்டு, அதற்குள் ஒரு சின்னப் பந்து. இரத்தம் தள்ளும்போது பந்து விலகி வழிவிடும். இரத்தம் திரும்ப எத்தனித்தால் வந்து அடைத்துக்கொள்ளும்.

கடதாசியில் கீறிக் காட்டினேன். சறோ தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"சோடாப் போத்தலுக்குள்ளை குண்டு கிடக்குமே, அது மாதிரி."

"கிட்டத்தட்ட அப்பிடித்தான்."

"அப்ப இனி என்னைக் குலுக்கிப்போடாதையுங்கோ."

சத்திரசிகிச்சை நன்றாக முடிந்தது. வீட்டுக்கு வந்த முதல் நாளே றீற்றா அக்கா எட்டிப் பார்த்துக் கேட்டார்: "தம்பி, புதுசா மணிக்கூடு வாங்கினீங்களா?"

"ஓம் அக்கா," என்றாள் சறோ. "சாவி குடுக்கத் தேவையில்லாத சாமான்."

பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கும் சத்தம் அது. முட்டை ஓட்டை நகத்தால் தட்டுவதுபோல இருக்கும். கொழும்பில் எங்கே எது வெடிக்கும் என்று எல்லோரும் பயந்து திரிந்த காலம். கொள்ளுப்பிட்டியில் ஒருநாள் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். பெண்களைச் சோதித்த கான்ஸ்டபிள் சறோவின் தோளில் கைவைத்தாள். சத்தத்தைக் கேட்டாள். கையை எடுத்துவிட்டு இரண்டு அடி பின்னால் போனாள். அவளுக்குப் பின்னால் நின்ற சிப்பாயின் துவக்கு உயர்ந்தது.

"ஹதவத! ஹதவத!" என்று நான் கத்தினேன். இதயம் என்பதற்கு எனக்கு வாய்த்த சிங்களச் சொல் அது ஒன்றுதான்.

சறோ அசையாமல் நின்றாள். பிறகு மெல்லச் சேலையை விலக்கி, கழுத்துக்குக் கீழே தொடங்கும் தழும்பைக் காட்டினாள். கான்ஸ்டபிள் கிட்ட வந்து, குனிந்து, அவளுடைய நெஞ்சில் காதை வைத்துக் கேட்டாள். நடு றோட்டில், அத்தனை பேர் பார்த்திருக்க, நெடுநேரம் கேட்டாள். "அனே நங்கி," என்றாள். ஐயோ தங்கச்சி என்று அர்த்தம்.

பஸ் புறப்பட்ட பிறகுதான் சறோ வாய் திறந்தாள். "அவவின்ரை தோடு நல்லாக் குளிர்ந்தது, அண்ணா."

நீலம் ஒன்று, பழுப்பு இரண்டு

உலோகத்தைக் கண்டால் இரத்தம் உறைந்து ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். அதனால் இரத்தத்தை உறையவிடாமல் ஐதாக வைக்கும் மாத்திரையைச் சறோ தினமும் விழுங்கவேண்டும். குறைந்தால் வால்வில் கட்டி பிடிக்கும். கூடினால் உள்ளே இரத்தம் கசியும். கீரை வகைகள் இந்த மாத்திரைக்கு எதிரி. கீரை கூடினால் மாத்திரையின் வேகம் குறையும். சாப்பாடு குறைந்தால் வேகம் ஏறும். சில கிழமைகளுக்கு ஒருமுறை இரத்தம் சோதித்து அளவை மாற்றுவார்கள்.

எங்கள் டொக்டர் சிங்களவர். மெலிந்த மனிதர். கதைக்கும்போது விரல்களால் மேசையில் தட்டுவார். அவருக்கு ஒரு மனக்குறை இருந்தது.

"புத்தகங்களை எழுதியவர்கள் முட்டைக்கோவா சாப்பிடுகிற வெள்ளைக்காரர்கள்," என்றார். "நம்முடைய ஆட்கள் முருங்கையிலையும் வல்லாரையும் சாப்பிடுகிறார்கள். நமக்கு யாரும் பட்டியல் போடவில்லை. நான் போடப்போகிறேன்."

வால்வு மாற்றிய நோயாளர்களிடம் தினமும் என்ன சாப்பிட்டார்கள், எத்தனை மாத்திரை என்று எழுதிவரச் சொன்னார். பெரும்பாலானோர் ஒரு கிழமையில் களைத்துவிட்டார்கள். என்னைப் போன்ற ஒருவனிடம் இந்த வேலையைக் கொடுத்தால் எப்படி இருக்கும்? கறுப்பு மட்டைக் கொப்பி ஒன்று வாங்கி நிரல் போட்டேன். மாத்திரைகள் நிறத்தால் வேறுபட்டிருந்தன. "நீ 1, ப 2" என்றால் நீலம் ஒன்று, பழுப்பு இரண்டு. "மு.வ." என்றால் முருங்கையிலை வறை. கடைசியில் நாடித்துடிப்பு.

முதல் பக்கத்தில் சிவப்பு மையால் எழுதினேன்: விரதம் கூடாது. சின்ன வயதிலிருந்து கந்தசஷ்டி தவறவிடாதவள் அவள்.

"முருகன் கோவிக்கமாட்டாரோ?"

"முருகனுக்கு வால்வு போடேல்லை."

அவள் சிரித்தாள். அந்த வருடமும் அடுத்த வருடமும் விரதம் இல்லை. டொக்டர் கொப்பியைப் புரட்டும்போதெல்லாம் விரல்தட்டல் நின்றுவிடும். "இதுதான் என்னுடைய மிகச் சிறந்த கொப்பி," என்று சறோவைப் பார்த்துச் சொல்வார். நான் மொழிபெயர்ப்பேன். "ஆரின்ரை சாப்பாடு, ஆருக்குப் பேர்," என்பாள் அவள்.

சுற்றிவளைப்பு

ஒரு விடியற்காலை எங்கள் ஒழுங்கையைச் சுற்றி வளைத்தார்கள். வீடு வீடாக வந்தார்கள். எங்கள் அறையில் பெட்டிகளைக் கொட்டினார்கள், மெத்தையைப் புரட்டினார்கள். குசினி அலுமாரியில் அரிசித் தகரத்துக்குப் பக்கத்தில் கொப்பி இருந்தது.

"மே மொனவாத?" இவை என்ன என்று கேட்டான் இளம் சிப்பாய்.

அதிகாரி வாங்கிப் புரட்டினார். திகதிகள். நிறங்கள். இலக்கங்கள். ஒற்றை எழுத்துகள். ஒருநாள்கூடத் தவறவில்லை. அதிகாரிக்குக் கொஞ்சம் தமிழ் வாசிக்கத் தெரிந்திருந்ததுதான் என் கெட்டகாலம்.

"நீலம் எது? பழுப்பு எது?"

"பெஹெத், சேர். மருந்து."

"'மு' யார்?"

"முருங்கா, சேர். முருங்கையிலை."

பின்னால் நின்ற சிப்பாய்கள் சிரித்துவிட்டார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. சறோ மாத்திரைப் போத்தல்களைத் தூக்கிக் காட்டினாள். அவர் அதைப் பார்க்கவேயில்லை. கொப்பியோடு என்னையும் ஏற்றினார்கள்.

மூன்று நாட்கள் வைத்திருந்தார்கள். அந்த மூன்று நாட்களை இங்கே எழுதப்போவதில்லை.

மூன்றாம் நாள் றீற்றா அக்கா பஸ்ஸேறிக் கிளினிக்குக்குப் போய், வரிசையைத் தாண்டி உள்ளே நுழைந்து, டொக்டரின் மேசைக்கு முன்னால் நின்று அழுதாராம். டொக்டர் வெள்ளைக் கோட்டோடேயே பொலிஸ் நிலையத்துக்கு வந்தார். கொப்பியை விரித்து, வரி வரியாகச் சிங்களத்தில் விளக்கினார். மாலையில் என்னை விட்டார்கள். கொப்பியையும் கையில் தந்தார்கள்.

வாசலில் டொக்டர் என் தோளைத் தட்டினார். "தொடர்ந்து எழுதுங்கள்," என்றார்.

நான் ஓம் என்றேன்.

வாளி

வீட்டுக்கு வந்ததும் முதலில் செய்த வேலை, பெரிய வாளியில் தண்ணீர் நிரப்பியது. எரித்தால் புகை வரும், அயலவர்கள் பார்ப்பார்கள். ஊறவைத்துப் பிசைந்து கழிப்பறையில் ஊற்றுவதுதான் பாதுகாப்பு. அந்தக் காலத்து வெள்ளவத்தையில் கடிதம், படம், பழைய பத்திரிகை என்று எத்தனையோ அப்படிக் கரைந்து போயின. வடக்கு விலாசம் உள்ள எந்தக் கடதாசியும் வீட்டில் இருக்கக்கூடாது என்று எல்லோருமே பயந்தோம்.

முதலில் என் நாட்குறிப்புகளைப் போட்டேன். பதினாறு வயதிலிருந்து எழுதியவை. பிறகு கறுப்பு மட்டைக் கொப்பியைக் கையில் எடுத்தேன்.

"அது வேண்டாம், அண்ணா. டொக்டர் கேப்பார்."

"கேட்டாச் சொல்லுவன். எல்லாம் என்ரை தலைக்குள்ளை இருக்கு."

"உங்கடை தலையையும் கொண்டுபோவாங்கள்."

"தலையை ஆராலும் வாசிக்கேலாது."

கொப்பியைத் தண்ணீருக்குள் அமிழ்த்தினேன். தண்ணீர் நீலமாகியது, சிவப்பு மை கலந்த இடம் ஊதாவாகியது. அவளும் முழங்காலில் இருந்து, கைகளை விட்டுப் பிசைந்தாள். இரண்டு நாட்களுக்கு அவளுடைய நகக்கண்களில் நீலம் போகவில்லை.

என் ஞாபகத்தில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை. ஆருடைய கலியாணம் எந்தத் திகதி, எந்தக் கிழமை என்று கேட்டால் சொல்லும் ஆள் நான்.

மீண்டும் கிளினிக்

சில கிழமைகள் கழிந்தன. ஐப்பசி மழை தொடங்கியது. சஷ்டி வந்தது எனக்குத் தெரியும். திதி தெரியாமல் நான் இருப்பேனா? சறோ காலையில் கோயிலுக்குப் போவதும் தெரியும். கும்பிடுவதற்கு நான் தடை சொல்லவில்லையே. எனக்குச் சோற்றுப் பார்சல் கட்டித் தருவாள். வேலை முடிந்து வந்தால் சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டு எதிரே இருப்பாள்.

"நீ சாப்பிடேல்லையோ?"

"நான் அப்பவே சாப்பிட்டிட்டன்."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. பேப்பரை விரித்துக்கொண்டேன்.

அந்தக் கிழமையில்தான் கிளினிக். இரத்தம் வழமைக்கு மாறாக மிக ஐதாக இருந்தது. டொக்டர் முடிவைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார். "கொப்பி?" என்று கேட்கப்போனவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றினார். சாப்பாட்டில் மாற்றம் உண்டா என்று கேட்டார்.

நான் சொன்ன பதிலைத் தொடக்கத்திலேயே எழுதிவிட்டேன்.

சாப்பாட்டில் மாற்றம் இல்லையென்றால் மாத்திரைதான் கூடிவிட்டது. எந்த வைத்தியரும் அப்படித்தான் முடிவெடுப்பார். பழுப்பு இரண்டையும் நிறுத்தினார். நீலம் மட்டும். இரண்டு கிழமையில் திரும்ப வரச் சொன்னார்.

இரண்டு கிழமை போகவில்லை. பத்து நாள் போல ஆனதும் அவளுடைய சத்தம் மங்கலாகக் கேட்கத் தொடங்கியது. துணியைச் சுற்றி வைத்துத் தட்டுவதுபோல இருந்தது. தகரக் கூரையில் மழை ஓயாமல் பெய்துகொண்டிருந்தது. மழைச் சத்தத்தில்தான் அப்படிக் கேட்கிறது என்று நினைத்தேன்.

ஒருநாள் காலை தேத்தண்ணி கொண்டுவந்தாள். என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள், சொல் வரவில்லை. வலக்கையிலிருந்து கோப்பை நழுவியது. விழுந்த கோப்பையை அவள் வியப்போடு பார்த்தாள், யாருடையதோ என்பதுபோல.

வால்வில் பிடித்த கட்டி மூளைக்குப் போயிருந்தது. டொக்டர் வார்டுக்கு வந்து அவளுடைய நெஞ்சில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார். அவர் முகத்தைப் பார்த்து எனக்கு விளங்கியது. நான்காம் நாள் பின்னேரம், நான் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கும்போது, அந்தச் சத்தம் நின்றது. வார்டில் மற்ற எல்லாச் சத்தமும் இருந்தது. கரண்டிகள், வண்டிச் சில்லுகள், யாரோ ஒரு பிள்ளையின் இருமல்.

குசினிக் கலண்டர்

முப்பத்தோராம் நாள் காரியங்கள் முடிந்து, அவளுடைய சாமான்களை ஒதுக்கும்போது குசினிச் சுவரில் இருந்த கலண்டரைக் கழற்றினேன். கடை ஒன்றில் இலவசமாகத் தந்த கலண்டர். வெளிச்சத்தில் பிடித்தபோது பென்சில் அடையாளங்கள் தெரிந்தன.

சஷ்டியின் ஆறு நாட்களிலும் ஆறு சின்னப் புள்ளிகள். ஏழாம் நாளில், என் சுருக்கெழுத்து முறையிலேயே, "பா. அ.கீ." அடுத்த நான்கு நாட்களிலும் "அ.கீ."

பாரணை. அகத்திக்கீரை. ஆறு நாள் பட்டினி கிடந்த வயிற்றை ஆற்ற எங்கள் வீட்டில் எப்போதும் முதலில் கொடுப்பது அகத்திக்கீரைதான்.

கலண்டரோடு றீற்றா அக்காவிடம் போனேன். அவர் அதைப் பார்த்தவுடனேயே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஒங்களப் புடிச்சிட்டுப் போன அன்னிக்கே நேந்துகிச்சு, தம்பி. அண்ணா திரும்பி வந்தா ஆறு நாளும் பால் பழத்தோட இருப்பேன்னு. ஒங்கக்கிட்ட சொன்னா ஏசுவீங்கன்னு என்கிட்ட மாதா மேல சத்தியம் வாங்கிட்டுது. கீரைய நான்தான் மார்க்கட்ல வாங்கிக் குடுத்தேன். கீரைதானே, நல்லதுதானேன்னு..."

நான் அவருக்கு ஆறுதல் சொன்னேனா என்பது ஞாபகம் இல்லை. சொல்லியிருக்கவேண்டும்.

பட்டினியால் ஐதான இரத்தத்தைப் பார்த்து மாத்திரையைக் குறைத்தோம். குறைத்த கையோடு பட்டினி முடிந்து கீரை தொடங்கியது.

நான் கொப்பியைக் கரைத்துவிட்டேன். அவள் எழுதுவதை விடவில்லை. எழுத இடம் இல்லாமல் சுவரில் எழுதியிருக்கிறாள். என்னிடம் "சாப்பிட்டிட்டன்" என்று பொய் சொன்னவள் டொக்டரிடம் ஒருநாளும் பொய் சொன்னதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். என்ன கேட்டவர் என்று விசாரிக்கத்தான் செய்தாள்.

கடைசி நிரல்

கலண்டர் தாளை டொக்டரிடம் கொண்டுபோனேன். புள்ளிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினேன். அவர் மேசையில் தட்டிக்கொண்டிருந்த விரல்கள் நின்றன.

"நான் அவளைப் பார்த்துக் கேட்டிருக்கவேண்டும்," என்றார். "உங்களைப் பார்த்துக் கேட்டேன்."

அலுமாரியைத் திறந்து ஒரு புதுக் கொப்பியை எடுத்தார். தன்னுடைய பட்டியலில் கீரைகள் இருக்கின்றன, விரதம் இல்லை என்றார். இந்த ஊரில் எல்லாச் சமயத்தவரும் ஏதோ ஒருநாள் பட்டினி இருக்கிறோம், அதை நான் யோசிக்கவேயில்லை என்றார். முடிந்தால் அந்த நாட்களை இதில் எழுதித் தரும்படி கேட்டார். முடியாவிட்டால் பரவாயில்லை என்றும் சொன்னார்.

வெளியே வந்து, நோயாளர்கள் காத்திருக்கும் நீள வாங்கில் உட்கார்ந்தேன். மடியில் வைத்து நிரல் போட்டேன். நாள், மாத்திரை, உணவு, காரணம். கை பழகிய வேலையைத் தானே செய்தது. விரதம் முதலாம் நாள். இரண்டாம் நாள். ஏழாம் நாள், பாரணை, அகத்திக்கீரை.

அதற்குள் அடுத்த நோயாளி உள்ளே போயிருந்தார். தழும்பு மறையச் சேலையை இழுத்துவிட்ட ஒரு பெண், கூடவே கணவன். கதவு பாதி திறந்திருந்தது. டொக்டர் ஏதோ கேட்க, கணவன் பதில் சொல்லத் தொடங்கினார்.

"நீங்க இல்ல," என்றார் டொக்டர், நான் அதற்கு முன் அவரிடம் கேட்டிராத தமிழில். "அவங்க. அவங்க சொல்லட்டும்."

நான் கொப்பிக்குத் திரும்பினேன். கடைசி நிரல் மட்டும் வெறுமையாக இருந்தது. சுருக்கெழுத்து எதுவும் போடாமல், எவரும் வாசிக்கக்கூடியதாக, முழுச் சொற்களில் எழுதினேன்.

காரணம்: அண்ணன் வீடு திரும்பியது.